பட்டறைப் பதில்கள்: சாமி மேடைக்கு எத்தனை அடி மரம்?

பட்டர்வொர்த்தில் 37 வருஷம் தச்சுப் பட்டறை நடத்தியவன் நான். யாராவது "எவ்வளவு மரம் வேணும்?" என்று கேட்டால் இன்றைக்கும் கை தானாகப் பென்சிலைத் தேடும். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதே கேள்விதான். அதனால் முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு நானே ஒரு சாமி மேடை செய்ய ஆசைப்படுகிறேன். அகலம் 3 அடி, ஆழம் ஒன்றரை அடி, உயரம் இரண்டரை அடி. மேலே சாமிப் படங்கள், கீழே இரண்டு தட்டுகளில் எண்ணெய், சூடம், பூஜைப் பாத்திரங்கள். மரக்கடைக்குப் போனேன். "என்ன சைஸ்? எத்தனை அடி?" என்று கேட்டார்கள். பக்கத்தில் ஒருவர் டன் கணக்கில் விலை பேசிக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாமல் திரும்பி வந்துவிட்டேன். மரக் கணக்கை எப்படிப் போடுவது?
— வாசகி, பிறை

பதில்: தங்கச்சி, கடைக்காரர் கேட்டது சரியான கேள்வி. அதற்குப் பதில் தயாரித்துக்கொண்டு போக வேண்டிய இடம் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. முதலில் மேடையை வரையுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று போதும். அப்புறம் படத்தில் உள்ள ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக எழுதுங்கள்: பெயர், எத்தனை, தடிமன், அகலம், நீளம். எங்கள் பட்டறையில் இதை வெட்டுப் பட்டியல் என்போம். பட்டியல் இல்லாமல் யாரும் ரம்பத்தைத் தொடக்கூடாது என்பது என் ஏற்பாடு.

உங்கள் மேடைக்கு நான் எழுதுகிற பட்டியல் இது. கால்களுக்கு 2க்கு 2 அங்குல மெராந்திக் கட்டை. கால்களைச் சுற்றிப் பிணைக்கும் சட்டங்களுக்கு 1க்கு 3 அங்குலப் பலகை. தட்டுகளுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். ஒன்றைக் கவனியுங்கள். கடையில் 2க்கு 2 என்று சொல்வது அறுத்த அளவு. இழைத்து வழவழப்பாக்கிய பிறகு அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் அங்குலம்தான் இருக்கும். பட்டியலில் எழுத வேண்டியது இந்த இழைத்த அளவை. அதனால் கட்டையைக் கடையிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

கால்கள் 4, ஒவ்வொன்றும் 30 அங்குலம். இது சுலபம். சட்டங்கள்தான் பலரைக் குழப்பும். மேடையின் அகலம் 36 அங்குலம், அதனால் சட்டமும் 36 அங்குலம் என்று எழுதிவிடுவார்கள். அப்படி இல்லை. இரண்டு பக்கமும் கால்கள் ஒன்றே முக்கால் அங்குலம் இடம் பிடிக்கின்றன. மொத்தம் மூன்றரை. 36இல் மூன்றரை போனால் நடுவில் முப்பத்திரண்டரை. சட்டத்தின் இரு முனைகளையும் மெல்லிய நாக்கு மாதிரி சீவி, காலில் வெட்டிய துளைக்குள் செருகப் போகிறோம். அந்த நாக்குக்குக் கழுந்து என்று பெயர். பக்கத்துக்கு முக்கால் அங்குலம் கழுந்து வைத்தால் முப்பத்திரண்டரையும் ஒன்றரையும் சேர்ந்து 34 அங்குலம். பக்கவாட்டுச் சட்டத்துக்கும் இதே கணக்கு: 18இல் மூன்றரை போனால் பதினாலரை, கழுந்துகளுக்கு ஒன்றரை சேர்த்தால் 16 அங்குலம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று மட்டத்தில் சட்டம் வேண்டும். ஆக 34 அங்குலத்தில் 6, 16 அங்குலத்தில் 6.

(ஒரே காலில் இரண்டு பக்கமிருந்து வரும் கழுந்துகள் உள்ளே ஒன்றோடு ஒன்று முட்டும். இரண்டின் நுனிகளையும் 45 பாகைக்குச் சாய்வாகச் சீவிவிட்டால் ஒன்றுக்கொன்று இடம் விட்டு உட்கார்ந்துகொள்ளும்.)

இனிமேல்தான் முக்கியமான இடம். கால்களைக் கூட்டிப் பாருங்கள். நாலு முப்பது 120 அங்குலம், அதாவது சரியாக 10 அடி. கடையில் 10 அடிக் கட்டை ஒன்று கிடைக்கிறது. வாங்கலாமா? வாங்கக்கூடாது. ரம்பம் ஒவ்வொரு தடவை போகும்போதும் 2, 3 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடும். அதோடு கட்டையின் இரு முனைகளும் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும், ஆளுக்கு ஓர் அங்குலமாவது வெட்டித் தள்ள வேண்டும். அப்படி வெட்டினால் மூன்று கால் சரியாக வரும், நாலாவது 28 அங்குலத்தைக்கூட எட்டாது. 12 அடிக் கட்டை வாங்குங்கள். நாலு காலும் போக 21 அங்குலத்துக்கு மேல் மிஞ்சும்.

சட்டங்களுக்கு வருவோம். ஆறு முப்பத்துநாலு 204, ஆறு பதினாறு 96. கூட்டினால் 300 அங்குலம், சரியாக 25 அடி. 10 அடியில் ஒன்றும் 8 அடியில் இரண்டும் வாங்கினால் 26 அடி ஆகிறதே, ஓர் அடி கூடவே இருக்கிறதே என்று தோன்றும். தாளில் வெட்டிப் பாருங்கள். 8 அடிப் பலகை 96 அங்குலம். அதில் 34, 34, 16 எடுக்கலாம். மிச்சம் 12 அங்குலத்துக்குள், அது எதற்கும் ஆகாது. இரண்டு பலகையில் நீளச் சட்டம் நாலும் குட்டைச் சட்டம் இரண்டும் கிடைத்துவிட்டன. மீதி வேண்டியது நீளம் 2, குட்டை 4. அதற்கு 132 அங்குலம் ஆகும். உங்களிடம் இருப்பதோ 120 அங்குலப் பலகை. ஒரு குட்டைச் சட்டம் குறைகிறது. மொத்தக் கணக்கில் ஓர் அடி கூட இருந்தும் மேடை முடியவில்லை.

மூன்று 10 அடிப் பலகை வாங்கினால்? ஒவ்வொன்றிலும் 34, 34, 16, 16 எடுக்கலாம், 100 அங்குலம். முனை வெட்டு, ரம்பத் தூள் எல்லாம் போக ஒவ்வொரு பலகையிலும் 17 அங்குலத்துக்கு மேல் மிஞ்சும். எந்தக் குட்டைச் சட்டம் கெட்டாலும் அதில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். 12 அடி ஒன்று, 8 அடி இரண்டு என்று 28 அடியிலும் முடிக்கலாம்தான். ஆனால் முதல் தடவை செய்கிறவருக்கு நான் 30 அடிதான் சொல்வேன். ஒரு கணு தப்பான இடத்தில் வந்துவிட்டாலும் தாங்கும்.

25க்கு 30, 10க்கு 12 என்றால் இரண்டிலும் 20 விழுக்காடு கூடுதல் வந்திருக்கிறது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு அந்த அளவு வேண்டும். கை தேர்ந்த பிறகு 10 விழுக்காட்டில் சமாளிக்கலாம். ஆனால் விழுக்காட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தாளில் பலகையை வரைந்து துண்டுகளை அடுக்கிப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பிளைவுட் கணக்கும் இப்படித்தான். முழுப் பலகை 4க்கு 8 அடி. உங்களுக்கு 36க்கு 18 அங்குலத்தில் மூன்று தட்டு வேண்டும். 36 அங்குலத்தை 8 அடிப் பக்கமாக வைத்து அடுக்கினால் 4 தட்டு வரும். 4 அடிப் பக்கமாக வைத்தால் 5 வரும். ஒன்று கூடக் கிடைக்கிறதே என்று இரண்டாவது வழிக்குப் போக வேண்டாம். வழக்கமான பலகையில் மேல் தாளின் நார் 8 அடிப் பக்கமாக ஓடும். தட்டின் நீளவாக்கில் நார் ஓடினால்தான் எண்ணெய்ப் போத்தல்களின் கனத்துக்குத் தட்டு தொய்யாது. 4க்கு 4 அரைப் பலகையில் இரண்டு தட்டுதான் வரும், அதனால் முழுப் பலகையே வாங்குங்கள். பல கடைகளில் வெட்டியும் தருவார்கள், பட்டியலைக் கையில் கொடுத்தால் போதும்.

டன் விஷயம். மரக்கடை டன் எடை அல்ல, கன அளவு. அறுத்த மரத்தில் 50 கன அடி ஒரு டன். தடிமன் அங்குலத்தையும் அகலம் அங்குலத்தையும் நீளம் அடியையும் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். உங்கள் கால்களுக்கு: 2 × 2 × 12 ஆக 48, அதை 144ஆல் வகுத்தால் 0.33. சட்டங்களுக்கு: 1 × 3 × 30 ஆக 90, வகுத்தால் 0.63. மொத்தம் ஒரு கன அடிகூட இல்லை. நீங்கள் பயந்து திரும்பி வந்த அந்த டன்னில் ஐம்பதில் ஒரு பங்குகூட உங்களுக்குத் தேவைப்படாது.

பழைய ஆட்கள் இதையே 7,200 என்ற ஒரே எண்ணில் வைத்திருப்பார்கள். 50ஐயும் 144ஐயும் பெருக்கினால் 7,200. அதைத் தடிமனும் அகலமும் பெருக்கிய எண்ணால் வகுத்தால் ஒரு டன்னில் எத்தனை அடி நீளம் என்று தெரியும். 1க்கு 3 என்றால் 2,400 அடி. 2க்கு 2 என்றால் 1,800 அடி. ஒரு பேச்சுக்கு டன் 3,600 வெள்ளி என்று வையுங்கள். இது கணக்கு புரிவதற்காகச் சொல்லும் எண், இன்றைய விலை அல்ல. அப்போது 1க்கு 3 அடிக்கு ஒன்றரை வெள்ளி, 2க்கு 2 அடிக்கு 2 வெள்ளி. உங்கள் மரம் 45உம் 24உம் சேர்ந்து 69 வெள்ளி. சில்லறையாக வாங்கும்போதும் இழைத்து வாங்கும்போதும் கடை முதலாளி தவுக்கே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார், அது நியாயம். எவ்வளவு கூட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

எல்லா மரத்தையும் ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். நான் 19 வயதில் ஜார்ஜ் டவுனில் வேலை பழகியபோது, புத்தக அலமாரிக்கு மரம் எழுதி வரச் சொன்னார் என் ஆசான். அடிகளை மொத்தமாகக் கூட்டி எழுதிக் கொடுத்தேன். இரண்டு பலகை குறைந்துபோனது. மறுபடி போய் வாங்கி வந்தால் முதல் மரம் கருஞ்சிவப்பு, இது வெளிர் சிவப்பு. மெராந்தி என்பது ஒரே மரத்தின் பெயர் அல்ல, உறவு முறையுள்ள பல மரங்களுக்குக் கடையில் வழங்கும் பொதுப்பெயர். ஆசான் திட்டவில்லை. அந்த இரண்டு தட்டையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர என்னை இரண்டு நாள் சாயம் பூச வைத்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் அப்போதும் வித்தியாசம் தெரிந்தது.

கடையில் பலகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு முனையைக் கண்ணருகே தூக்கி, மறுமுனை வரை ஓரத்தைப் பாருங்கள். வில்லாக வளைந்ததும் முறுக்கிக்கொண்டதும் அப்போது தெரிந்துவிடும். கூச்சப்பட வேண்டாம், மரம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். வீட்டுக்குள் வைக்கும் மேடைக்குச் செங்கால் மாதிரிக் கனமான மரம் தேவையில்லை. வீட்டு ரம்பத்துக்கும் உளிக்கும் அது சட்டென்று மசியாது. அப்புறம், விளக்கு வைக்கும் இடத்தில் ஒரு பித்தளைத் தட்டைப் போட்டுவிடுங்கள் தங்கச்சி. எண்ணெய் மரத்தில் ஊறினால் அந்தக் கறை போகவே போகாது.

கேள்வி: அண்ணே, எனக்கு 26 வயசு, ஐ.டி. வேலை. தச்சு வேலை கத்துக்க ஆசை. செந்தூலில் ஃபிளாட்டில் இருக்கிறேன். பெரிய மெஷின் வாங்க இடமும் இல்லை, சத்தம் வந்தால் பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?
— வாசகர், கோலாலம்பூர்

பதில்: தம்பி, மெஷின் வாங்க இடம் இல்லாதது நல்லதுக்குத்தான். கைக்கருவியில் பழகியவனுக்கு மெஷின் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

முதலில் வாங்க வேண்டியவை: ஒரு டேப், செங்கோணம் சரிபார்க்கும் மூலமட்டம் ஒன்று, நல்ல கைரம்பம் ஒன்று, அரை அங்குல உளி ஒன்று, ஓர் அங்குல உளி ஒன்று, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியல், சின்ன இழைப்புளி, இரண்டு கிளாம்ப், சாணைக்கல். பணம் குறைவாக இருந்தால் உளியில் மிச்சம் பிடியுங்கள், மூலமட்டத்தில் பிடிக்காதீர்கள். மலிவான உளியைத் தீட்டி வேலை வாங்கலாம். கோணல் மூலமட்டம் செய்கிற ஒவ்வொன்றையும் கோணலாக்கும். கடையிலேயே சோதிக்கலாம். நேரான ஓரம் உள்ள பலகையில் மூலமட்டத்தை வைத்து ஒரு கோடு போடுங்கள். அதையே புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாக விழுந்தால் நல்லது. மேலே போகப் போக விலகினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

முதல் மாதம் எந்தச் சாமானும் செய்ய வேண்டாம். 2க்கு 2 கட்டையின் மிச்சத் துண்டு ஒன்று எடுத்து, நாலு பக்கமும் கோடு போட்டு, ஒரு விரல் தடிமனுக்குத் துண்டு துண்டாக அறுங்கள். கோட்டைப் பென்சிலால் போடாமல் கூர்மையான கத்தியால் கீறுங்கள். கத்தி நாரை வெட்டிவிடும், அறுக்கும்போது ஓரம் பிய்யாது. ரம்பம் கோட்டுக்கு வெளியே, தள்ளப்போகும் பக்கத்தில் போக வேண்டும். கடைசியில் கத்திக் கீறலின் பாதி உங்கள் துண்டில் தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டையும் மூலமட்டத்தில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் பழக வேண்டும். ஒரு நாளைக்கு 20 துண்டு. என் அக்கா மகன் ஒன்பதாவது சாயங்காலம்தான் வெளிச்சம் தெரியாத துண்டைக் கொண்டுவந்து காட்டினான். அந்தத் துண்டை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன்.

அடுத்தது தீட்டுவது. கடையிலிருந்து வரும் உளி வெட்டாது, தீட்டிய பிறகுதான் வெட்டும். 1000 நம்பர் கல்லைத் தண்ணீரில் நனைத்து, உளியின் சாய்ந்த முகத்தை 25இலிருந்து 30 பாகைக்குள் பிடித்துத் தேயுங்கள். கொஞ்ச நேரத்தில் பின்பக்க விளிம்பில் விரலை வெளியே பார்த்து இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விளிம்பு முழுக்க அந்தப் பிசிறு வந்துவிட்டால் சாய்ந்த முகம் தயார். உளியைத் திருப்பி, பின்பக்கத்தைக் கல்லில் முழுசாகப் படுக்க வைத்து நாலைந்து தடவை இழுத்தால் பிசிறு உதிரும். பிறகு ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். மழுங்கின உளிதான் கையைக் கிழிக்கும். கூர்மையானது சொன்ன இடத்தில் நிற்கும், மழுங்கினதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கும், வழுக்கினால் எதிரே இருக்கும் கை மாட்டிக்கொள்ளும்.

பழகுவதற்குச் சரக்கு அடுக்கும் பழைய பாலெட் பலகை எடுக்கலாம். அதில் முத்திரை பார்த்துக்கொள்ளுங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் சூடேற்றிப் பக்குவப்படுத்தியது. எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு வாயு போட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். ஃபிளாட்டில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. எங்கள் தலைமுறை அதைத் தெரியாமல் மூச்சில் இழுத்தது. நீங்கள் தெரிந்துகொண்டு இழுக்க வேண்டாம்.

கேள்வி: ரப்பர் மரப் புத்தக அலமாரி வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. கீழ்த்தட்டில் தினமும் வெள்ளையாகத் தூள் விழுகிறது. கறையானா? தூக்கிப் போட வேண்டியதுதானா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மா, அந்தத் தூளைக் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். கோதுமை மாவு மாதிரி வழவழவென்று இருந்தால் அது மாவு வண்டு. கசகசா மாதிரி நறநறவென்று குருணையாக இருந்தால் உலர்மரக் கறையான், அந்தக் குருணை அதன் எச்சம். நீங்கள் தூள் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் வண்டாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டமான சின்னத் துளைகள் தெரிகிறதா என்றும் பாருங்கள். அவை வண்டு வெளியே வந்த வழி.

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், அதுதான் வண்டுக்கு ஆகாரம். என் அப்பா கூலிம் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டினார். ஒரு மரத்தை ஐந்தாறு வயதில் வெட்ட ஆரம்பித்தால், 25, 30 வருஷத்தில் பால் குறைந்து அதைச் சாய்த்துவிடுவார்கள். சாய்த்த மரம் லயத்து அடுப்புக்கும், ரப்பர் பாளத்துக்குப் புகை போடும் கொட்டகைக்கும்தான் போகும். ஒன்றிரண்டு நாளிலேயே நீலமும் கறுப்புமாகப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் என் ஆசான் அந்த மரத்தைப் பட்டறைக்குள்ளேயே விடமாட்டார். அறுத்த கையோடு போரான் மருந்து ஏற்றி, சூளையில் காய வைக்கும் முறை பரவிய பிறகுதான் கதை மாறியது. இன்றைக்கு மூவாரிலிருந்து ரப்பர் மரச் சாமான் வெளிநாடுகளுக்குக் கப்பல் ஏறுகிறது. அப்பா கீறிய அந்த மரத்தை நான் முதன்முதலில் இழைத்த அன்று, அதன் வெளிர் மஞ்சளைப் பார்த்து ரொம்ப நேரம் வேலையே ஓடவில்லை.

மருந்து சரியாக ஏறாத பலகை ஒன்று உங்கள் அலமாரியில் நுழைந்திருக்கிறது. அதற்காக அலமாரி முழுவதையும் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கீழ்த்தட்டைக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவர் முனையால் குத்திப் பார்த்து, உள்ளே பொதபொதவென்று இருந்தால் தட்டை மட்டும் மாற்றுங்கள். கெட்டியாக இருந்தால் வார்னிஷை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, போரான் மருந்துக் கரைசலை இரண்டு மூன்று தடவை பூசிக் காய விடுங்கள். வார்னிஷ் மேல் பூசினால் மருந்து உள்ளே போகாது, பலர் தப்பு செய்வது இங்கேதான். காய்ந்ததும் மேல், கீழ், ஓரம் என்று எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். வண்டு முட்டையிடுவது மரத்தின் திறந்த நுண்துளைகளில். அலமாரிகளின் அடிப்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பச்சையாக விட்டுவிடுகிறார்கள், அது அதற்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

கேள்வி: மழைக் காலம் வந்தால் எங்கள் அறைக் கதவு மூட மாட்டேன் என்கிறது. இழைத்துவிடலாமா?
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: இழைக்கலாம், ஆனால் அளவோடு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சத்தில் இருக்கும்போது மரம் ஈரத்தை இழுத்து அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் தாராளமாக இழைத்துவிட்டால் வெயில் காலத்தில் இடைவெளி பல்லிளிக்கும். நிலைச்சட்டத்தின் உள்பக்கத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டுக் கதவை மூடித் திறங்கள். கதவின் ஓரத்தில் சாக்கு ஒட்டிய இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் போதும். பிறகு கதவைக் கழற்றி அதன் உச்சியையும் அடியையும் பாருங்கள். பத்துக்கு எட்டுக் கதவில் அங்கே பெயின்ட் இருக்காது. ஈரம் அதிகம் ஏறுவது நாரின் முனை திறந்திருக்கும் அந்த இடங்கள் வழியாகத்தான். இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.

கேள்வி: மகன் எஸ்.பி.எம். முடித்துவிட்டான். படிப்பில் சுமார். மர வேலை கற்க வேண்டும் என்கிறான். சொந்தக்காரர்கள் "ஆசாரி வேலைக்கா விடப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். அனுப்பலாமா ஐயா?
— ஒரு தாய், நிபோங் திபால்

பதில்: அனுப்புங்கள் அம்மா. அந்த ஆசாரி வேலையில்தான் நான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். இப்போது இது வெறும் கைப்பழக்கமாகவும் இல்லை. எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை கொடுப்பது, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது. 1, 2, 3 என்று மூன்று நிலை. அதற்கு மேல் 4, 5ஆம் நிலைகளில் டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் உண்டு. தளபாடத் துறையிலும் படிக்கலாம். வகுப்பறை பிடிக்காத பையன் என்றால் எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சி முறையைப் பற்றி விசாரியுங்கள். அதில் பெரும்பகுதி தொழிலகத்தில் வேலை செய்துகொண்டே கற்பது, சிறுபகுதிதான் பயிற்சி மையம். ஏற்கனவே வருஷக் கணக்கில் வேலை செய்தவர்களுக்கு அவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் பி.பி.டி. என்ற வழியும் உண்டு. நான் 50 வயதுக்கு மேல் அப்படித்தான் என் சான்றிதழை வாங்கினேன். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன், அந்தச் சட்டமும் நான் செய்ததுதான்.

சேர்க்கும் முன் ஒன்று செய்யுங்கள். வீட்டில் ஆடுகிற முக்காலியோ நாற்காலியோ ஒன்று கட்டாயம் இருக்கும். அவனிடம் கொடுத்து, "இது ஏன் ஆடுதுன்னு கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். ஆணி கொடுக்க வேண்டாம், சுத்தியல் கொடுக்க வேண்டாம். ஆணியைத் தேடி ஓடாமல், அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, எந்த மூட்டில் பசை விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். அப்படிப் பார்க்கிறான் என்றால் மறுநாளே விண்ணப்பப் பாரத்தை வாங்கிவிடுங்கள்.